பை முதலில் புறப்பட்டது

பை புறப்பட்டு இரண்டு நாளாகிவிட்டது. அறிவுச்செல்வன்தான் இன்னும் புறப்படவில்லை.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவன் பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கதவில் தொங்கிய பூட்டை முறைத்துக்கொண்டிருந்தான். பூட்டுக்கு அந்தப் பக்கம் அவனுடைய பை இருந்தது. பைக்குள் அவன் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்து வாங்கிய சான்றிதழும், சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனி அனுப்பிய வேலை உத்தரவும் இருந்தன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால், பட்டியலில் அடுத்த பெயருக்கு வேலை போய்விடும் என்று அந்த உத்தரவில் சிவப்பு மையால் அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்கலாம். அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு வியாழக்கிழமை விடியற்காலை முதல் ஒரு வாரம் சாலை மறியல் என்று கள்ளக்குறிச்சியில் வெள்ளையடித்த சுவர் ஒன்று பாக்கியில்லாமல் எழுதிவிட்டார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறினால் உண்டு. இல்லையென்றால் வேலைக்கு ஒரு கும்பிடு.

"இன்னாடா, கம்பவுண்டர் இன்னும் வரலியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா ராணியம்மாள் கேட்டாள்.

"வரல. எல்லாம் உன்னாலதான்."

"நான் இன்னாடா பண்ணன்? சூலத்தக் கண்டுபுடிச்சவ நானா?"

அந்த வீட்டில் கரும்பும் தண்ணீரும் அப்பாவின் பொறுப்பு. பஞ்சாங்கம் அம்மாவின் பொறுப்பு. அவன் புறப்படுவதாக இருந்தது புதன்கிழமை. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்று ராணியம்மாள் போன வாரமே சொல்லிவிட்டாள்.

"மெட்ராஸு நேர் வடக்க இல்லம்மா. வடக்குக்கும் கெழக்குக்கும் நடுவுல, மூலைல இருக்குது."

"மூலன்னா ரெண்டு சூலமும் சேந்து குத்தும்டா!"

இதற்கு வழி கண்டுபிடித்தவர்தான் பக்கத்து வீட்டு வியாகுலம். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஐம்பது வயது. மாட்டுக்கு ஊசி போட்டே சுற்றுவட்டாரத்தில் அவருக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதை கிடையாது. "இதுக்கு இன்னாத்துக்கு தங்கச்சி மண்டைய ஒடைச்சிக்கிற? திங்கட்கெழம காலைல ராகுகாலத்துக்கு முன்ன தம்பி பைய மட்டும் கெளப்பி என் வூட்ல வெச்சிடு. என் வூடு உன் வூட்டுக்கு வடக்கதான? பை கெளம்பிட்டா பயணம் கெளம்பின மாதிரி. அப்புறம் ஆளு எந்தக் கெழமையில வேணாலும் போவலாம்" என்றார்.

ராணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போற மனுசன், நம்ம சூலத்துக்கு இன்னா மரியாத குடுக்கறாரு பாரு!" என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்படித்தான் பை திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிப் புறப்பட்டு, இருபது அடி தூரம் பிரயாணம் செய்து, வியாகுலம் வீட்டு அலமாரியில் போய்ச் சேர்ந்தது. அது சாதாரணப் பையும் அல்ல. சென்னையில் கறிவேப்பிலையைக்கூடக் காசுக்குத்தான் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மிரண்டுபோன ராணியம்மாள், ஒரு மாசத்துக்கு வேண்டிய அரிசி, புளி, வடகம், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் அதற்குள் திணித்து, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் செருகியிருந்தாள். திருவல்லிக்கேணியில் ஒரு கட்டில் போடும் இடத்துக்குக் கேட்ட வாடகையில் கள்ளக்குறிச்சியில் தோட்டத்தோடு ஒரு வீடே எடுக்கலாம் என்பது அவளைத் தூங்கவிடாத இன்னொரு சங்கதி.

புறப்பட்ட பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பயணம் விளங்காது. அதனால் பை வியாகுலத்தின் காவலிலேயே இருந்தது. புதன்கிழமை விடியற்காலை அவர், "களமருதூர்ல எங்க அண்ணன் மக இசபெல்லா இருக்குது. அதப் போயி கூட்டிக்கினு பத்து மணிக்குள்ள வந்துடறன்" என்று சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்தான்.

"பூட்ட ஒடைச்சிடறன்மா" என்றான் அறிவுச்செல்வன்.

"பூட்ட ஒடைச்சி எடுத்துக்கினு போனா அது பயணமாடா? திருட்டுடா!"

வியாகுலம் வந்தபோது மணி ஏழரை. கடைசி பஸ் போய்விட்டது. "அதயேன் கேக்கற தம்பி! பாதி வழியில ஒரு எரும, கன்னு போட முடியாம கத்துது. வுட்டுட்டு வர மனசு வரல" என்றார்.

"எந்த எரும சித்தப்பா?" என்று கேட்டாள் அவர் பின்னால் குடையும் துணிப்பையுமாக வந்து நின்ற பெண். "நான் உங்ககூடதான வந்தன். எனுக்கு ஒரு எருமயும் தெரியலியே."

"நீ பஸ்ல தூங்கினு இருந்த" என்றார் வியாகுலம்.

வாயில்லா ஜீவனுக்காக நாளெல்லாம் அலைந்துவிட்டு வந்த மனிதரை வாசலில் நிறுத்தி இப்படிக் குறுக்கு விசாரணை செய்கிறாளே என்று அறிவுச்செல்வனுக்குத் தோன்றியது. பெயரில் உள்ளது அவனுக்கு மனிதர்களை எடைபோடுகிற விஷயத்தில் கொஞ்சம் கம்மி.

"கவலப்படாத தம்பி. இவள வேலை தேடறதுக்கு மெட்ராஸ்ல ஒரு ஹாஸ்டல்ல சேக்கணும். நாங்களும் வரோம். உன்ன கொண்டுபோயி சேக்கறது என் பொறுப்பு. மறியல்னா பசங்க பத்து மணிக்கு மேலதான் எழுந்து வருவானுங்க. நம்ப ஆறு மணிக்குப் போயிடலாம்."

அந்தப் பசங்கள் மூன்று மணிக்கே எழுந்துவிட்டார்கள் என்பது விடிந்தபோதுதான் தெரிந்தது.

தியாகதுருகம் சாலையில் ஊர் எல்லை தாண்டியதும் ஒரு பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். அந்த வாரம் வேறு இடங்களில் நடந்தவை சிரிக்கிற சமாச்சாரம் அல்ல. அது வேறு கதை. இந்த மரத்துக்குப் பொறுப்பாளராக இருந்த பச்சமுத்து நல்ல மனிதர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"எங்க தம்பி, பையும் கையுமா?"

"மெட்ராஸுக்குங்க. வேலையில சேரணும்."

"நாங்க இன்னாத்துக்கு மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்தியிருக்கோம்? உன்ன மாதிரி படிச்ச புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கணும்னுதான்!"

"கெடைச்சிடுச்சிண்ணா. போவதான் வழி இல்ல."

பச்சமுத்து தாடையைச் சொறிந்தார். நியாயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, பொடிநடையா அப்படி ஓரமா போயிடு" என்று வாயெடுத்தார். அதற்குள் வியாகுலம் முந்திக்கொண்டார்.

"தம்பிய சாதாரணமா நெனச்சிடாதீங்க. காலேஜ்ல பேச்சுப் போட்டியில கப்பு வாங்கினவரு. வாயத் தொறந்தா ஊரே எழுந்து நிக்கும்!"

"அப்டியா? ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயேன் தம்பி" என்றார் பச்சமுத்து.

புகழ்ச்சிக்கு மயங்காதவன் யார்? அறிவுச்செல்வன் புளியமரத்தின்மேல் ஏறி நின்று பேசினான். நிஜமாகவே நன்றாகப் பேசினான். படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் சோறு தின்கிற வெட்கத்தைப் பற்றி அவன் சொன்னபோது இரண்டு பேர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. பக்கத்துக் கிராமத்திலிருந்து அடுத்த கூட்டம் வந்தது. அவர்களுக்காக இன்னொரு தடவை. அப்புறம் சாப்பிடப் போயிருந்தவர்களுக்காக ஒரு தடவை. ஐந்தாவது தடவை பேசி முடித்தபோது பொழுது மேற்கே இறங்கிவிட்டது, தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. "அருமை தம்பி, அருமை! இன்னொரு வாட்டி" என்று மரத்தடியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார் வியாகுலம்.

இசபெல்லாதான் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, வேலை வேணும்னு மறியல் பண்றீங்க. வேலை கெடைச்ச ஒருத்தர இங்கயே குந்த வெச்சிருக்கீங்க. இவரு வேலை போயிடுச்சின்னா உங்க கணக்குல ஒண்ணு கூடுமா கொறையுமா?"

பச்சமுத்துவுக்கு முகம் தொங்கிவிட்டது. "நீ சொல்றது வாஸ்தவம்தாம்மா. ஆனா இந்த மரம்தான் என்னுது. இங்கிருந்து விழுப்புரம் வரைக்கும் கூப்புடு தூரத்துக்கு ஒரு மரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு. அவனுங்களுக்கும் பேச்சு கேக்க ஆசையிருக்குமே" என்றார்.

இன்னும் நூறு மரங்களில் ஏறிப் பேசுவதை நினைத்து அறிவுச்செல்வனுக்குத் தலை சுற்றியது.

"எதுக்கு தம்பி கலங்கற?" என்று வியாகுலம் தோளில் தட்டினார். "கெழக்க அடைச்சா மேக்க தெறக்கும். கல்வராயன் மலைல ஏறி அந்தாண்ட பக்கம் எறங்கினா ஆத்தூரு. அங்கிருந்து சேலம். சேலத்துல ரயிலு. மலைமேல எவன் மரத்த வெட்டிப் போடப் போறான்?"

கிழக்கே போக வேண்டியவன் மேற்கே நடந்தான். "மாமா, நீங்க மட்டும் இல்லன்னா எங்கதி இன்னா ஆவறது!" என்று அவன் தழதழத்தபோது, இசபெல்லா வியாகுலத்தின் கையிலிருந்த அவனுடைய பையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நான் தூக்கறனே" என்றார் வியாகுலம்.

"வாணாம் சித்தப்பா. பை என்கிட்டயே இருக்கட்டும்."

ரயில் ஏறும்வரை அதை யாரிடமும் அவள் கொடுக்கவில்லை. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டான் அறிவுச்செல்வன்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஏறி, சாயங்காலம் கரியாலூர் போய்ச் சேர்ந்தார்கள். மலை அப்போதுதான் மழை கண்டு பச்சைப் பசேலென்றிருந்தது. சாமை வயலுக்கு நடுவே இருந்த சடையன் என்பவரின் வீட்டில், வியாகுலத்தைப் பார்த்ததும் "அட, நம்ம கம்பவுண்டரு!" என்று பாய் விரித்தார்கள். தினைமாவும் தேனும் வந்தன. சென்னைக்குப் போனால் இதெல்லாம் என்ன விலை விற்குமோ என்று யோசித்துக்கொண்டே அறிவுச்செல்வன் மூன்று உருண்டை தின்றுவிட்டு, படுத்ததுதான் தெரியும்.

சனிக்கிழமை காலை அவனை எழுப்பியது ஒரு மாடு. அதற்குப் பின்னால் இன்னொரு மாடு. கதவைத் திறந்து பார்த்தால், வேலி தாண்டி, சரிவு தாண்டி, கண்ணுக்கு எட்டிய மட்டும் மாடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி ஓர் ஆள். நடுநடுவே ஆடுகள்.

"இன்னாங்க இது? சந்தையா?"

"எல்லாம் உங்களப் பாக்கத்தான் டாக்டரே" என்றார் சடையன் கைகட்டி. "மிருகத்துக்குன்னே மூணு வருசம் படிச்சி, மெட்ராஸுக்கு மருந்து கம்பெனிக்குப் போற டாக்டருன்னு கம்பவுண்டரு ராத்திரி சொன்னாரு. ஏழு ஊருக்கு ஆளு அனுப்பிட்டோம்."

அறிவுச்செல்வன் திரும்பிப் பார்த்தான். வியாகுலம் கம்பளிக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டி, "பெருமைக்கு ஒரு வார்த்த சொன்னன் தம்பி, இவ்ளோ ஆவும்னு நான் கண்டனா? வந்துட்டவங்கள திருப்பி அனுப்பினா பாவம். பொறுமையா பாரு, நாளைக்கும் நாளு இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

விலங்கியலில் அறிவுச்செல்வன் நெருங்கிப் பழகிய விலங்குகள் இரண்டே இரண்டு. ஒன்று தவளை, இன்னொன்று கரப்பான்பூச்சி. இரண்டும் செத்தவை. இப்போது உயிரோடு ஒரு காளை எதிரில் நின்று பெருமூச்சு விட்டது. அவன் மாட்டைப் பார்த்தான். மாடு அவனைப் பார்த்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல், இருப்பதிலேயே ஆபத்தில்லாத இடமாகப் பட்ட கொம்பின் அடியில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"டாக்டரே, கொம்புல நாடி ஓடுதுங்களா?" என்று சடையன் மெதுவாகக் கேட்டார்.

"இது... புது முற."

"எங்க மாட்டுக்கு ரெண்டு கொம்புங்க. அந்தக் கொம்பையும் பாத்துடுங்க."

மத்தியானத்துக்குள் ஒன்பது மாடு பார்த்திருந்தான். ஒன்பதுக்கும் வெந்நீரும் ஓய்வும் என்று சொல்லியிருந்தான். வரிசை குறையவில்லை, எட்டாவது ஊரும் வந்துகொண்டிருந்தது. ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்த இசபெல்லா அப்போதுதான் திரும்பி வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள்.

"இவரு டாக்டரு இல்லங்க. தவளையத் தவர எதையும் தொட்டதில்ல. நெசமான மாட்டுக் கம்பவுண்டரு அதோ கம்பளிக்குள்ள படுத்துக்கினு இருக்காரு."

சடையன் கோபித்துக்கொள்ளவில்லை; வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனுக்கு மொதல் மாட்டுலயே தெரியும்மா. விருந்தாளியாச்சே, எப்டி கேக்கறதுன்னுதான் நின்னுக்கினு இருந்தன்."

நான்கு பேர் போய்க் கம்பளியோடு சேர்த்து வியாகுலத்தைத் தூக்கி வந்தார்கள். மலையில் அன்று நடந்த வைத்தியம் இன்னும் பேசப்படும். ஐம்பத்திரண்டு மாடு, முப்பது ஆடு. உண்ணி எடுத்து, புண்ணைக் கழுவி, வேப்பெண்ணெய் பூசி, ஒரு கிடேரியின் காலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கி முடிப்பதற்குள் வியாகுலத்தின் சட்டை சட்டையாகவே இல்லை. ஞாயிறு விடிந்ததும் சடையனே முன்னால் நடந்து, சேலம் பக்கம் இறங்குகிற குறுக்குப் பாதையில் அவர்களைக் கொண்டுபோய் ஒரு கடுக்காய் லாரியில் ஏற்றிவிட்டார். இருபது நிமிஷ வித்தியாசத்தில் மாலை ரயில் கிடைத்தது.

ரயிலில் உட்கார்ந்ததும் அறிவுச்செல்வன் வியாகுலத்தின் கைகளைப் பிடித்துவிட்டான். "உங்க சித்தப்பாவ இப்டி மாட்டிவுட்டுட்டீங்களே" என்று இசபெல்லாவைக் கடிந்துகொண்டான். அப்புறம், வேலைக்குப் போகிறவன் வேலை தேடுகிறவளிடம் இவ்வளவு கடுமை காட்டக்கூடாது என்று தோன்றி, பெரிய மனது பண்ணினான்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் சேந்த கையோட மேனேஜர்கிட்ட சொல்லி உங்களுக்கும் எதுனா ஒண்ணு பாக்கறன். சின்ன வேலையா இருந்தாலும் தட்டாதீங்க. மெட்ராஸ்ல காலு ஊணறதுதான் முக்கியம்."

"ரொம்ப சந்தோசங்க" என்றாள் இசபெல்லா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அவளுடைய தோள் குலுங்கியது. நன்றியில் அழுகிறாள் போலிருக்கிறது என்று அவன் வேறு பக்கம் பார்த்தான்.

ஜோலார்பேட்டையில் ரயில் நின்றபோது வியாகுலம் "ஐயோ!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"மாமா! இன்னா மாமா?"

"நெஞ்சு... அடைக்கிது தம்பி. என்ன இங்கயே எறக்கி வுட்டுட்டு நீங்க போங்க. அனாதையா கெடந்தாலும் பரவால்ல, உன் வேலைதான் முக்கியம்."

அறிவுச்செல்வன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்கு நாள் அலைச்சல், அம்மா உடைத்த தேங்காய், சிவப்பு மை அடிக்கோடு எல்லாவற்றையும் அந்த நொடியில் மறந்துவிட்டு எழுந்து நின்றான். "வேலை போனா போவுது மாமா. உங்கள வுட்டுட்டுப் போயி நான் எந்த வேலைய பாக்கறது? எறங்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்று அவரைத் தூக்கினான்.

இசபெல்லா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த நான்கு நாளில் முதல்முறையாக அவனை நன்றாகப் பார்த்தாள் என்றே சொல்லலாம். பிறகு அவனை இழுத்து உட்கார வைத்து, பையை அவன் மடியில் வைத்தாள்.

"நீங்க குந்துங்க. எங்க சித்தப்பாவ நான் பாத்துக்கறன். நான் அவரோட எறங்கிடறன், நீங்க மெட்ராஸ் போயி சேருங்க."

வியாகுலம் சட்டென்று கண்ணைத் திறந்தார். "நீயா? நீ எதுக்கு எறங்கற?"

"உங்கள தனியா வுட முடியுமா சித்தப்பா? வாங்க."

"இரு, இரு." அவர் நெஞ்சைத் தடவினார். ஒரு ஏப்பம் விட்டார். "பரவால்ல போலகீது. வாயுதான். அந்தத் தினமாவு."

ரயில் புறப்பட்டது. தன் பொருட்டுத்தான் மாமா வலியை விழுங்கிக்கொண்டார் என்று அறிவுச்செல்வன் விடிய விடிய அவருக்கு விசிறினான்.

திங்கட்கிழமை காலை சென்ட்ரலில் இறங்கி, பல் துலக்கி, ஆளுக்கு ஒரு காப்பி குடித்தார்கள். அந்தக் காப்பியின் விலையில் கள்ளக்குறிச்சியில் இட்லியும் சேர்ந்து கிடைக்கும். வெளியே வந்தால் ஆட்டோக்காரர் இருபத்தைந்து ரூபாய் கேட்டார்.

"இருபத்தஞ்சா? எங்கூர்ல இந்தக் காசுக்கு ஆட்டுக்குட்டி வாங்கலாம்யா!" என்றார் வியாகுலம்.

"அப்ப ஆட்டுக்குட்டி மேல ஏறிப் போ" என்றார் ஆட்டோக்காரர்.

வியாகுலம் விடவில்லை. ஒன்பது ஆட்டோவோடு வரிசையாகப் பேரம் பேசினார். "தம்பி பணம் வீணாவக் கூடாது, இந்த ஊர்ல மொதல் நாளே ஏமாந்தா கடசி வரைக்கும் ஏமாறணும்" என்று ஒவ்வொரு பேரத்துக்கும் இடையில் அறிவுரை வேறு. மணி ஒன்பதேகால் ஆயிற்று. இவருக்குத்தான் என்மேல் எவ்வளவு கரிசனம் என்று அறிவுச்செல்வன் உருகிக்கொண்டு நிற்க, இசபெல்லா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, நகர்ந்துகொண்டிருந்த ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வியாகுலம் "நில்லு, நில்லு!" என்று ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

மவுண்ட் ரோட்டில் கம்பெனி வாசலை அவர்கள் மிதித்தபோது மணி ஒன்பது ஐம்பத்து மூன்று.

சூப்பரின்டெண்டு அரங்கநாதன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அழுக்குச் சட்டை, வெடித்த செருப்பு, பையின் வாயில் காய்ந்துபோன கறிவேப்பிலை.

"அறிவுச்செல்வனா? நிஜமாவே நீங்கதானா? அங்கே ஈ காக்கா வரமுடியலைன்னு பேப்பர்ல போட்டிருக்கே, எப்படி வந்தீங்க?"

"அது பெரிய கதைங்க. இவருதான் கொண்டுவந்து சேத்தாரு" என்று வியாகுலத்தைக் காட்டினான். வியாகுலம் ஏனோ தூணுக்குப் பின்னால் நின்றார்.

பதிவேட்டைத் திருப்பி வைத்தார்கள். அறிவுச்செல்வன் கையெழுத்துப் போட்டான். அம்மாவிடம் இதை உடனே சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதற்காகத் தொண்டையைக் கனைத்தான்.

"சார், ஒரு சின்ன சிபாரிசு. இவங்களும் எங்க பக்கம்தான். பேரு இசபெல்லா. எதுனா சின்ன வேலை இருந்தா..."

"களமருதூர் இசபெல்லாவா?" அரங்கநாதன் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "என்னங்க விளையாட்டு இது? உங்களுக்கு அடுத்த பேரே இவங்கதானே! இன்னும் அஞ்சு நிமிஷம் நீங்க வராம இருந்திருந்தா, நீங்க இப்போ போட்ட கையெழுத்தை இவங்க போட்டிருப்பாங்க."

மரத்தடியும் மலையும் ரயிலும் அறிவுச்செல்வனின் கண்முன் வரிசையாக வந்து போயின.

"நீங்க... ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பைய என்கிட்ட நம்பிக் குடுத்திருப்பீங்களா?"

"அப்ப எதுக்கு என்ன இழுத்துக்கினு வந்தீங்க?"

"எனுக்கு வந்த கடுதாசில, நீங்க வராம போனாதான் வேலைன்னு எழுதியிருந்தாங்க" என்றாள் இசபெல்லா. "வர வுடாம பண்ணா வேலைன்னு எழுதலியே."

"அட, நல்ல பொண்ணா இருக்கியேம்மா!" என்றார் அரங்கநாதன். "உனக்கும் நல்ல காலம்தான். வேலைக்கு எடுத்த நாலு பேர்ல ஒருத்தர் திருநெல்வேலிக்காரர். நாலு நாள் வீடு தேடினார். வாடகையைக் கேட்டுட்டு, சம்பளத்தையும் பார்த்துட்டு, நேத்தே ஊருக்கு ரயிலேறிட்டார். அந்த இடம் உனக்குத்தான். வா, கையெழுத்தைப் போடு."

இசபெல்லா கையெழுத்துப் போட்டாள். சிரிப்பும் அழுகையுமாக அவள் நிமிர்ந்தபோது அறிவுச்செல்வனும் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மனசு நிறைந்து வழிந்தது. இந்தப் பெண்ணாவது வயசுப் பிள்ளை, அந்த மாமா! சொந்த அண்ணன் மகளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை என்று தெரிந்தும், மலையேறி, மாட்டுக்கு வைத்தியம் பார்த்து, நெஞ்சுவலியை அடக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த அந்த மனிதரை என்னவென்று சொல்வது!

தூணுக்குப் பின்னால் போய், வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கிய வியாகுலத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மாமா, நீங்க மனுசனே இல்ல. தெய்வம்!"

அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது. அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வியாகுலம் வேறு வழியில்லாமல் ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார்.

அப்போது பியூன் தெய்வசிகாமணி ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"சார், அப்ப புதன்கெழம வந்த இந்தத் தந்திய இன்னா பண்ணட்டும்? 'அறிவுச்செல்வன் வரமாட்டான், அதற்கு நான் பொறுப்பு, வேலையை இசபெல்லாவுக்கே கொடுக்கவும், இப்படிக்கு வியாகுலம்'னு போட்டிருக்குது."